கொள்ளு பரப்பிய ரோடு

'ஆமாம், நான்தான் ஓட்டினேன்' என்று சொல்லிவிட்டால்தான் என்ன? நாக்குப் புரண்டால் முடிந்துபோகிற காரியம். பெற்ற பிள்ளைக்காக ஒரு பொய் சொல்ல முடியாதவள் என்ன தாய்? இந்த வீட்டில் எத்தனை பொய் சொல்லியிருக்கிறேன். சாப்பிட்டாயிற்று என்று, தலைவலி இல்லை என்று, எனக்கு அந்தச் சேலை பிடிக்கவில்லை என்று. இது இன்னொன்று. அவ்வளவுதான்.

கமலாத்தாள் தோசைக் கல்லில் நீர் தெளித்தாள். சுர்ரென்று எழுந்த ஆவியில் முகம் நனைந்தது. சொல்லிவிடலாம் என்றுதான் அந்தக் காலை வேளையில் அவள் உண்மையாகவே முடிவு செய்திருந்தாள்.

போன வெள்ளிக்கிழமை, கொல்லங்கோட்டிலிருந்து கோவிந்தாபுரம் போகும் ரோட்டில், பனைமரத்து வளைவில், அவள் மகன் நல்லதம்பி ஓட்டிய அம்பாசடர் கார் வள்ளியாத்தாளை மோதி, அவள் காலைப் பாலத்துக் கல்லோடு சேர்த்து நசுக்கிவிட்டது. வள்ளியாத்தாள் அவர்கள் காட்டில் வேலை செய்கிறவள். வண்டிச் சக்கரத்தில் அடிபட்டு உதிரட்டும் என்று ரோட்டில் பரப்பியிருந்ததும் அவர்கள் காட்டுக் கொள்ளுக்கொடிதான்.

நல்லதம்பிக்குப் பதினேழு வயது. லைசன்ஸ் இல்லை. வாங்குகிற வயதும் இல்லை.

கமலாத்தாளின் கணவர் ஈஸ்வரமூர்த்திக்கும் லைசன்ஸ் கிடையாது. அவர் பின் ஸீட்டில் உட்கார்ந்தே பழகியவர். டிரைவர் சூசையப்பனைப் போன வருஷமே நிறுத்திவிட்டார்கள். அவன் பிழைப்புத் தேடி எங்கோ மதுரைப் பக்கம் போய்விட்டான். அந்த வீட்டில் லைசன்ஸ் உள்ள ஒரே ஆள் கமலாத்தாள்.

முன்னறையில் ஈஸ்வரமூர்த்தியும் அவருடைய பங்காளி குப்பண்ணனும் பேசிக்கொண்டிருந்தார்கள். குப்பண்ணன் பாலக்காட்டில் இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட்; அண்ணன் மனைவி என்ற முறையில் கமலாத்தாளை 'நங்கை' என்று கூப்பிடுபவர். விடிந்ததும் முதல் பஸ்ஸில் வந்திறங்கியிருந்தார்.

"நான் அன்னிக்கே சொன்னனுங்ணா. லைசன்ஸ் இருக்கறவங்க ஓட்டுனாத்தான் கம்பெனி பொறுப்பு, பாலிசியில எழுதியிருக்குது, சூசையப்பனை நிறுத்தாதீங்கன்னு. நீங்க கேட்டீங்களா?"

"ஊட்டுல காலு எட்டற பையன் இருக்கையில டிரைவருக்கு எதுக்குச் சம்பளம்? பத்து வயசுல டிராக்டர் ஓட்டுனவன் அவன்."

"டிராக்டர் காட்டுல ஓடறது. இது ரோடு."

"சரி, வருசா வருசம் நான் கட்டறது பத்தாதாக்கும்? இத்தனை வருசத்துல ஒரு தடவை கிளெய்ம்னு கேட்டிருப்பனா? கேக்காததுக்கு போனஸ்னு கழிச்சுக் குடுப்பானே, அது ஒண்ணுதான் நான் அவன்கிட்டக் கண்டது."

"அந்த போனஸும் போச்சுங்க. அது போனாப் போகட்டும். கம்பெனி கைய விரிச்சுதுன்னா, அந்தப் பொம்பளை காலுக்குக் கோர்ட்டு என்ன சொல்லுதோ அத்தனையும் நீங்கதான் தரோணும். வாய்க்கால் வயலை மறந்துர வேண்டியதுதான்."

வாய்க்கால் வயல் என்றதும் ஈஸ்வரமூர்த்தி நாற்காலியைப் பின்னால் தள்ளும் சத்தம் கேட்டது. கமலாத்தாள் தோசையைத் திருப்பிப் போட்டாள்.

"அதோட தம்பி மேல கேஸு வரும்," என்றார் குப்பண்ணன், குரலைத் தாழ்த்தி. "கோயமுத்தூர்க் காலேஜுல சீட்டுக் கேக்கற நேரம். நங்கை ஒரு வார்த்தை சொல்லிட்டா எல்லாம் அடங்கிப்போகும். லைசன்ஸ் உள்ள பொம்பளை, கொடி வழுக்கிருச்சு. அபராதத்தோட விட்டுருவாங்க."

"சொல்லுவா. சொல்லாம எங்க போறா?" என்றார் ஈஸ்வரமூர்த்தி. "ஏ புள்ளே, இங்க வா."

தட்டோடு வந்தாள். இருவருக்கும் பரிமாறிவிட்டுச் சுவரோரம் நின்றாள்.

"நங்கை, கம்பெனி சர்வேயர் சாயங்காலம் வர்றாருங்க," என்றார் குப்பண்ணன், தோசையைப் பிய்த்துக்கொண்டே. "மலையாளத்துக்காரரு. ஆனாத் தமிழ் பேசுவாரு. ரெண்டு கேள்வி கேப்பாரு, பயப்படப்படாது. எங்க பொறப்பட்டீங்க, எத்தனை வேகம், எப்ப பிரேக் போட்டீங்க, இப்படி. சும்மா சோதிக்கறதுக்கு கிளட்ச் எந்தக் காலுன்னும் கேட்டுப் போடுவாரு. வலது காலுன்னு சொல்லிருங்க."

"இடது காலுங்க," என்றாள் கமலாத்தாள்.

குப்பண்ணன் மேசைக்கடியில் குனிந்து தன் கால்களைப் பார்த்துக்கொண்டார்.

ஈஸ்வரமூர்த்தி சத்தமாகச் சிரித்தார். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவர் சிரித்தது அப்போதுதான்.

"நீ போயி அவளுக்குச் சொல்லித் தர்றியே! பாலக்காட்டுல அதிகாரி முன்னால ஒரே தடவைல பாஸ் பண்ணுனவ அவ. பின்னால எடுக்கச் சொன்னப்போ மீசை வச்சவனெல்லாம் கம்பத்தச் சாச்சுப்போட்டான். இவ சேலை முந்தானைகூட அதுல படல."

கமலாத்தாள் கணவரின் முகத்தைப் பார்த்தாள். இது அவருக்கு ஞாபகம் இருக்கிறதா? கம்பத்தில் படாத முந்தானைகூட? இத்தனை வருஷம் எங்கே வைத்திருந்தார் இந்தப் பேச்சை?

கல்யாணமான புதிதில் வாங்கிய கார் அது. கோயமுத்தூரில் ஒரு மில் முதலாளியின் மனைவி தானே கார் ஓட்டிக்கொண்டு கல்யாணத்துக்கு வந்திறங்கியதைப் பார்த்துவிட்டு வந்து, மறுநாளே ஈஸ்வரமூர்த்தி சூசையப்பனைக் கூப்பிட்டு இவளுக்குச் சொல்லித்தரச் சொன்னார். மீன்கரை அணைப் பக்கத்து ரோட்டில் அவள் பழகினாள். அந்த நாட்களில் அவள் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கும்போது அதில் வேறு யாரோ ஒருத்தி இருந்தாள்.

லைசன்ஸ் வந்தது. விருந்துக்கு வந்தவர்களிடமெல்லாம் அதை எடுத்துக் காட்டினார். ஒரே ஒரு தடவை, கொல்லங்கோட்டுச் சந்தைக்கு அவள் ஓட்டிக்கொண்டு போனாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சந்தை முக்கில் யாரோ கேட்டார்கள்: "என்ன மூர்த்தி, டிரைவரம்மா சம்பளத்துக்கா, சாப்பாட்டுக்கா?" கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்தார். வீடு வந்து சேர்ந்ததும் சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். அதோடு சரி.

ஆனால் லைசன்ஸைத் தவறாமல் புதுப்பித்துக்கொண்டே வந்தார். ஏன் என்று அவளும் கேட்டதில்லை. பீரோவில் பட்டுச்சேலைகளுக்கு அடியில் கிடந்தது, எப்போதாவது கையில் தட்டுப்படும். யாரோ ஒருத்தியின் போட்டோ ஒட்டிய அட்டை.

இந்த வீட்டில் எனக்கு வண்டி ஓட்டத் தெரியும் என்று ஒத்துக்கொள்ள ஒருத்திக்குக் கால் போக வேண்டியிருந்தது என்று நினைத்துக்கொண்டாள்.

"நான் போயி வள்ளியாத்தாளப் பாத்துட்டு வர்றனுங்க," என்றாள்.

ஈஸ்வரமூர்த்தி யோசித்தார். குப்பண்ணனைப் பார்த்தார். குப்பண்ணன் தலையசைத்தார்.

"போயிட்டு வா. நீ பாக்கறதும் நல்லதுதான். சாயங்காலத்துக்குள்ள வந்துரோணும்."

நல்லதம்பி உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். நான்கைந்து நாளாக அவன் சரியாகச் சாப்பிடவில்லை. அவன் முதுகெலும்பு பனியனுக்கு மேல் துருத்திக்கொண்டிருந்தது.  இந்த முதுகைத் தட்டித்தானே தூங்க வைத்தோம்.

"கண்ணு, ஆஸ்பத்திரிக்கு வர்றியா? சும்மா வந்து நின்னாப் போதும்."

"என்னால முடியாதும்மா," என்றான் திரும்பாமல். "எனக்கு அத நெனச்சாலே மயக்கம் வருது."

"சரி கண்ணு. படுத்துக்க."

சொல்லிவிடுவேன், என்று மறுபடி நினைத்தாள். இவனுக்காகச் சொல்லிவிடுவேன்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. தை மாதத்துப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பனை ஓலைகளை ஓயாமல் சலசலக்க வைத்துக்கொண்டிருந்தது. வளைவு நெருங்கும்போது பார்க்கக் கூடாது என்றுதான் எண்ணியிருந்தாள்.

ரோட்டின் மேல் மறுபடி கொள்ளுக்கொடி பரப்பியிருந்தது.

அவளுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அடிக்காமல் விட்டால் காய்ந்த காய், நெத்து, காற்றில் வெடித்துச் சிதறிவிடும். களத்தில் நிலக்கடலை கிடக்கிறது. ரத்தக் கறையின் மேல் மண்ணைத் தூவி, அதன் மேல் கொடியைப் பரப்பச் சொல்லியிருக்கிறார் ஈஸ்வரமூர்த்தி. போகிற வருகிற வண்டிகள் ஏறி ஏறி அடித்துக் கொடுத்துவிடும். கூலி மிச்சம். அந்தப் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான்.

பெண்கள் கவைக்கோலோடு ஓரத்தில் ஒதுங்கி நின்றார்கள். வண்டி தாண்டியதும் ஓடிவந்து கொடியைப் புரட்டிப் போடுவார்கள். அடுத்த வண்டியின் சத்தம் கேட்டதும் மறுபடி ஓரத்துக்கு ஓடுவார்கள். பஸ்ஸா லாரியா என்று சத்தத்திலேயே சொல்லிவிடுவார்கள்.

பஸ் டிரைவர் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்தார். கொடியின் மேல் ஏறியபோது அவர் கால் பிரேக்கின் பக்கம் போகவில்லை. ஸ்டீரிங்கை நேராகப் பிடித்தபடி வண்டியை அதன் போக்கில் விட்டார். டயருக்கடியில் நெத்துக்கள் பொரிவது போல் வெடித்தன.

கமலாத்தாளின் வலது கால் தன் செருப்புக்குள் மெல்ல எழும்பி நின்றது. சூசையப்பன் சொல்லித்தந்தது: கொடி மேல் பிரேக்கை மிதித்தால் வண்டி எண்ணெய் மேல் ஏறியதுபோலச் சுற்றிவிடும். மிதிக்காதீர்கள். ஏறுவதற்கு முன்னாலேயே குறைத்துவிடுங்கள்.

நல்லதம்பி குறைக்கவில்லை. நெத்து வெடிக்கிற சத்தத்துக்காகவே அவன் வேகமாக ஏற்றுவான் என்பது அவளுக்குத் தெரியும். பிறகு ஆளைப் பார்த்திருக்கிறான். மிதித்திருக்கிறான்.

போன மாதம் அவனிடம் சொல்ல வாயெடுத்தாள். "தம்பி, ரோட்டுல கொடி கெடந்தா..." அவன் சிரித்தான். "உனக்கென்னம்மா தெரியும், நீ ஓட்டியே நான் பாத்ததில்லையே!" அவளும் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்போடு வாயை மூடிக்கொண்டாள்.  எனக்குத் தெரிந்திருந்தது. இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். அவன் சிரித்தாலும் சொல்லியிருக்கலாம்.

பாலக்காட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் வள்ளியாத்தாள் கடைசிக் கட்டிலில் கிடந்தாள். போர்வை ஒரு பக்கம் முழங்காலோடு தாழ்ந்துபோயிருந்தது. அவள் புருஷன் சின்னமுத்து தரையிலிருந்து எழுந்து, துண்டை இடுப்புக்கு இறக்கிக்கொண்டு, சுவரோடு ஒட்டி நின்றான்.

"பண்ணாடிச்சி வந்திருக்காங்க பாரு," என்றான். பண்ணையாட்களுக்கு ஈஸ்வரமூர்த்தி பண்ணாடி, அவள் பண்ணாடிச்சி.

வள்ளியாத்தாள் கண்ணைத் திறந்தாள். எழுந்து உட்காரப் பார்த்தாள்.

"படு, படு," என்று கமலாத்தாள் அவள் தோளைப் பிடித்தாள்.  கொண்டுவந்த ஆரஞ்சுப் பழங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்தாள். ஒன்று உருண்டு விழுந்தது. சின்னமுத்து அதை எடுத்து வைத்தான்.

"வலிக்குதா?"

"இல்லாத காலுதானுங்க வலிக்குது," என்றாள் வள்ளியாத்தாள். "பாதத்துல நமைச்சல் எடுக்குது. சொறியறதுக்குக் கையக் கொண்டுபோனாப் பாதத்தக் காணோம். என்ன வேடிக்கைங்க இது."

கமலாத்தாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சத்தம் கேட்டுதுங்க எனக்கு," என்றாள் வள்ளியாத்தாள், கூரையைப் பார்த்துக்கொண்டு. "கேக்காம இல்ல. மத்தவங்கெல்லாம் ஓடிட்டாங்க. எனக்கு அது நம்ம வண்டிச் சத்தம்னு தெரிஞ்சுபோச்சு. நம்ம வண்டிதானே, மெதுவாத்தான் வரும்னு இன்னொரு பொரட்டுப் பொரட்டலாம்னு நின்னேன். லாரியா இருந்தா ஓடியிருப்பனுங்க."

 பக்கத்துக் கட்டிலில் ஒரு கிழவி இருமிக்கொண்டிருந்தாள்.

"தம்பி உடனே எறங்கி வந்துதா?" என்று கேட்டாள் கமலாத்தாள். கேட்காமல் இருந்திருக்கலாம் என்று கேட்ட பிறகு தோன்றியது.

"வந்துச்சுங்க. எறங்கி முன்னால போயி லைட்டைத் தடவிப் பாத்துச்சு. அப்புறம் என்னையப் பாத்துச்சு." வள்ளியாத்தாள் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "சின்னப் புள்ளைதானுங்களே. அப்பன் திட்டுவாருன்னு பயந்திருக்கும்."

அவள் குரலில் குற்றம் சொல்லும் தொனியே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

சின்னமுத்து தொண்டையைக் கனைத்தான்.

"பண்ணாடிச்சி, நேத்து போலீசு வந்து மொழி எழுதீட்டுப் போனாங்க," என்றான். வாக்குமூலத்துக்குக் கேரளத்துப் போலீஸின் சொல் அது. "பண்ணாடி சொல்லிவிட்ட மாதிரியே சொல்லிட்டமுங்க. நீங்கதான் ஓட்டீட்டு வந்தீங்கன்னு."

"உங்ககிட்ட எப்போ சொன்னாரு?"

"அன்னிக்கு ராவே ஆளனுப்பிச்சுட்டாருங்க. அப்படிச் சொன்னாத்தான் கம்பெனிக்காரன் தருவானாம். இல்லாட்டி கோர்ட்டு கோர்ட்டா இழுத்து, எங்க பேரப்புள்ளைக காலத்துலதான் கைக்கு வருமாம்."

அன்று ராத்திரியே! மறுநாள் காலையில்தான் ஈஸ்வரமூர்த்தி அவளிடம் பேச்செடுத்தார், தயங்கித் தயங்கி, "யோசிச்சுச் சொல்லு" என்று. அதற்குள் எல்லாரிடமும் சொல்லி முடித்திருக்கிறார். பாக்கி இருந்தது அவள் ஒருத்தி மட்டும். அவளிடம் கேட்டதுகூட ஒரு மரியாதைக்குத்தான்.

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே," என்றாள் வள்ளியாத்தாள். முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது. "நீங்க வண்டி ஓட்டி நான் பாத்ததே இல்லீங்க. ஆனா போலீசுகிட்டச் சொல்லச் சொல்ல, நீங்க ஓட்டீட்டு வர்ற மாதிரியே கண்ணு முன்னால வந்துச்சு. பச்சைச் சேலை கட்டீட்டு."

கமலாத்தாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சொரசொரப்பான கை. அதைப் பிடித்தபடி, 'நான் ஓட்டியிருந்தால் உனக்குக் கால் இருந்திருக்கும்' என்று மனதுக்குள் சொன்னாள். அதில் கர்வம் இருந்ததா, துக்கம் இருந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை.

வீடு திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. பின்வாசல் வழியாக வந்தாள். கார் ஷெட்டிலிருந்து பேச்சுச் சத்தம் கேட்டது. நல்லதம்பி எழுந்துவிட்டிருந்தான். அவனோடு பள்ளிக்கூடத்தில் படித்த ஒருவன் சைக்கிளை நிறுத்திவிட்டு உடைந்த விளக்கைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

எழுந்து நடமாடுகிறானே என்று அவளுக்கு முதலில் ஆறுதலாகத்தான் இருந்தது.

"எப்படிடா ஆச்சு? நீதான் ஓட்டுனேன்னு கடையில சொன்னாங்க?"

"எவன் சொன்னான்? எங்கம்மா ஓட்டுச்சு," என்றான் நல்லதம்பி.

"உங்கம்மாவா!"

"லைசன்ஸ் இருக்குதுடா. ஆனா இருந்து என்ன? பொம்பளை கையில வண்டியக் குடுத்தா இப்படித்தான். நானா இருந்தா அப்படியே லேசா ஒடிச்சு எடுத்திருப்பேன்."

மற்றவன் சிரித்தான். நல்லதம்பியும் சிரித்தான். சந்தை முக்கில் கேட்ட அதே சிரிப்பு.

கமலாத்தாள் துணி துவைக்கும் கல்லருகே நின்றாள். கோபம் வருகிறதா என்று தனக்குள் தேடினாள். வரவில்லை. கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஏதோ ஒன்று அவளுக்குள் மெதுவாகக் கீழே இறங்கி, தரையைத் தொட்டு நின்றது போலிருந்தது.

சைக்கிள் போகும்வரை காத்திருந்துவிட்டு ஷெட்டுக்குள் போனாள்.

"ஏன் தம்பி அவன்கிட்ட அப்படிச் சொன்னே?"

அவன் திடுக்கிட்டான். பிறகு தோளைக் குலுக்கினான். "சொல்லிப் பழகோணுமில்லம்மா. அப்பாதான் சொன்னாரு, எல்லாருகிட்டயும் ஒரே மாதிரி சொல்லோணும்னு."

"நானா இருந்தா ஒடிச்சு எடுத்திருப்பேன்னு சொல்லச் சொன்னதும் அப்பாவா?"

 காரின் மேல் படிந்த தூசியில் விரலால் கோடு போட்டான்.

"வள்ளியாத்தாளுக்குக் காலை எடுத்துட்டாங்க தம்பி. நாளைக்கு என்கூட ஒரு தடவை வந்து பாத்துட்டு வா. திட்டமாட்டா. அவ உன்னையத் திட்டவே இல்லை."

"நான் எதுக்கும்மா போகோணும்?" என்றான் நல்லதம்பி. குரலில் உண்மையான வியப்பு இருந்தது. "நான்தான் ஓட்டலியே."

அவள் மகனின் முகத்தையே பார்த்தாள். அவன் பொய் சொல்லவில்லை. அவள் பயந்தது அதற்குத்தான். நான்கைந்து நாளில் அந்த வெள்ளிக்கிழமை அவனிடமிருந்து கழன்று போயிருந்தது. வாங்கிக்கொள்ள ஒருத்தி இருக்கிறாள் என்றதும், கைச்சுமையை மாற்றிக் கொடுப்பதுபோல அவளிடம் கொடுத்துவிட்டிருந்தான். காலையில் அவன் முதுகைப் பார்த்து உருகினாளே, அந்தப் பயந்த பையன்கூட இப்போது இல்லை. சாயங்காலம் அவள் ஆமாம் என்று சொல்லிவிட்டால், இனி ஒருநாளும் இருக்கமாட்டான். மறுபடி ஒரு வளைவு வரும். மறுபடி லைட்டைத்தான் முதலில் தடவிப் பார்ப்பான்.

வாசலில் ஜீப் வந்து நின்றது.

சர்வேயர் நடுத்தர வயதுக்காரர். வெள்ளை வேட்டி, கையில் தோல்பை. ஈஸ்வரமூர்த்தி இளநீர் வெட்டச் சொன்னார். மாட்டுக்காரன் வாசலில் யாரையோ கேட்பது கேட்டது: "எந்தக் காட்ட அளக்கறதுக்குங்க வந்திருக்காரு?" 

அவர் இளநீரைக் குடித்துவிட்டுக் காரைச் சுற்றி வந்தார். நசுங்கிய மட்கார்டைத் தட்டினார். டயரின் இடுக்கிலிருந்து ஒரு கொள்ளுத் தண்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் போட்டார்.

"ஆரா ஓட்டியது?"

"என்ற சம்சாரமுங்க," என்றார் ஈஸ்வரமூர்த்தி. "லைசன்ஸ் இந்தா இருக்குது. போலீஸ் மொழியும் அப்படித்தான் இருக்குது. பாதிக்கப்பட்ட பொம்பளையே சொல்லியிருக்கா."

சர்வேயர் லைசன்ஸை வாங்கிப் போட்டோவையும் கமலாத்தாளையும் மாறி மாறிப் பார்த்தார். போட்டோவில் இருந்தவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"கொள்ளாம், நல்ல காரியம். இந்தப் பக்கத்துல லேடீஸ் ஓட்டறது நான் பாத்ததில்லை," என்றார் மரியாதையாக. "அம்மா, ஷெட்டுக்குள்ளே வெளிச்சம் போதாது. பிரேக்கையும் பாக்கணும். நீங்களே வண்டியை ஒண்ணு முன்னோட்டு எடுத்து முற்றத்துல நிறுத்துங்க. அப்புறம் எழுதிக்கலாம்."

குப்பண்ணன் அவசரமாக அவள் பக்கம் திரும்பி, "இடது காலுங்க, நங்கை," என்று கிசுகிசுத்தார்.

ஈஸ்வரமூர்த்தி இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். பித்தளை வளையத்தில் மருதமலை முருகன் படம் தொங்கியது. அதை அவளை நோக்கி நீட்டினார்.

"இந்தா."

இந்தச் சாவி இப்படி நீள்வதை எத்தனை தடவை நினைத்துப் பார்த்திருக்கிறாள். அடுப்படியில், மாட்டுக்கொட்டகையில், அவர் பின் ஸீட்டில் சாய்ந்து உட்கார அவள் ஓரமாக ஒடுங்கிப் போன பயணங்களில். இப்போது ஏறி உட்கார்ந்தால் அவளால் வண்டியை ஒரு குலுக்கல் இல்லாமல் வெளியே கொண்டுவந்து நிறுத்த முடியும். கால்களுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. இந்த ஆண்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு நிமிஷம் அந்த ஆசை அவளை உண்மையாகவே இழுத்தது.

அவள் கைகளை முந்தானையில் துடைத்தாள். துடைத்த கைகளை முந்தானைக்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.

"வெள்ளிக்கெழமை நான் ஊட்டுல இருந்தனுங்க," என்றாள் சர்வேயரிடம். "வண்டியை நான் எடுக்கலீங்க."

குப்பண்ணனின் கையில் இருந்த இளநீர் சாய்ந்து வேட்டியில் வழிந்தது. ஈஸ்வரமூர்த்தியின் கை நீட்டியபடியே இருந்தது.

சர்வேயர் பேனாவின் மூடியைத் திறக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார். "பின்னே ஆரு ஓட்டியது அம்மா?"

"ஓட்டுனவங்களே சொல்லட்டுங்க."

அவள் மகனைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் காரின் கதவருகே அவன் நிற்பதும், அவன் மூச்சு வேகமாவதும் அவளுக்குத் தெரிந்தது. வாயைத் திறக்கப் போகிறானா, ஓடிவிடப் போகிறானா என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறவளின் வாக்குமூலம் இனி என்ன ஆகும் என்பதும் தெரியவில்லை. வள்ளியாத்தாளையும் பொய்க்காரியாக்கிவிட்டு நிற்கிறோம் என்ற நினைப்பு நெஞ்சில் முள்ளாக ஏறியது. ஏறட்டும்.

"கமலா," என்றார் ஈஸ்வரமூர்த்தி. பல வருஷங்களுக்குப் பிறகு அவர் வாயில் அந்தப் பெயர். பல்லைக் கடித்துக்கொண்டு, மற்றவர்களுக்குக் கேட்காதபடி, கிட்டத்தட்டக் கெஞ்சலாக, அவர் சாவியை இன்னும் கொஞ்சம் நீட்டினார். "பையன நெனச்சுப் பாரு. வாங்கு."

"அவன நெனச்சுத்தானுங்க," என்றாள் கமலாத்தாள். "வேண்டாமுங்க."